பெண் வீட்டுப் பக்கம்

சாப்பாடு முடிந்து இலைகளை எடுத்துக்கொண்டிருந்தபோதுதான் இசக்கிராஜா அங்கே இல்லை என்பதைக் கவனித்தேன். வசந்தி மட்டும் நாற்காலியில் அப்படியே உட்கார்ந்திருந்தாள். கன்னத்தில் பூசிய சந்தனம் காய்ந்து வெடித்திருந்தது. இரண்டு கைகளிலும் சிவப்பும் பச்சையுமாகக் கண்ணாடி வளையல்கள். காலடியில் ஒரு பெரிய துணிப்பை. காலையில் அதை நான் பார்க்கவில்லை.

"உன் வீட்டுக்காரன் எங்கே?"

"போயிட்டாவக்கா."

"ஒரு வார்த்தை சொல்லாமலா?"

"சொல்லக் கூடாதுல்லா" என்றாள் வசந்தி. இதுகூட எனக்குத் தெரியாதா என்று வியந்தவள்போல என்னைப் பார்த்தாள்.

எனக்கு நிஜமாகவே தெரியாது. வளைகாப்பு முடிந்து தாய்வீட்டுக்குப் போகும் பெண்ணும் அவள் கணவனும் ஒருவரிடம் ஒருவர் சொல்லிக்கொள்ளக் கூடாது என்று அவர்கள் பக்கத்தில் ஒரு வழக்கம் உண்டாம். அவன் தன் வேலையைச் சரியாகச் செய்துவிட்டுப் போயிருந்தான். அடுத்து செய்ய வேண்டியது யார், என்ன என்பதுதான் எனக்கு இன்னும் பிடிபடவில்லை.

"நாம எப்பக்கா கெளம்பணும்? நாலரைக்குள்ள நல்ல நேரம்னு மாயம்மாக்கா சொன்னாவ."

"எங்கே?"

அவள் சிரித்தாள். நான் விளையாடுகிறேன் என்று நினைத்திருப்பாள். அல்லது அப்படி நினைத்ததாகக் காட்டிக்கொண்டாள். இன்றுவரை எனக்கு அது தெளிவாகவில்லை.

கொச்சியில், மட்டாஞ்சேரி பஜார் ரோட்டில் ஒரு சுக்குக் கிடங்கின் மாடியில் எங்கள் மையம் இருக்கிறது. வெளியூரிலிருந்து பிழைக்க வந்த பெண்களுக்காக நடப்பது. ஆஸ்பத்திரிக்குத் துணை போவோம், பிள்ளைகளைப் பள்ளியில் சேர்க்க உதவுவோம், மலையாளம் பேசச் சொல்லித்தருவோம். வாரம் ஒருநாள் எல்லோரும் கூடி உட்கார்ந்து சாயா குடித்தபடி மனத்தில் இருப்பதைப் பேசுவார்கள். என் வேலை நடுவில் உட்கார்வது. தமிழ்ப் பெண்கள் சொல்வதை, மையத்தை நடத்தும் சேவியர் சாருக்கு மலையாளத்தில் சொல்வேன், அவர் சொல்வதைத் தமிழில் திருப்பிச் சொல்வேன். எங்கள் குடும்பம் பாலக்காட்டிலிருந்து வந்த ராவுத்தர் குடும்பம். வீட்டில் தமிழ், வாசலுக்கு வெளியே மலையாளம். இரண்டுக்கும் நடுவில் உட்கார்வது எனக்குச் சிறுவயது முதலே பழக்கம். அங்கே உட்கார்ந்திருப்பவளுக்கு எந்தப் பேச்சும் சொந்தமில்லை, அதனால் எந்தப் பேச்சுக்கும் அவள் பொறுப்புமில்லை என்று நம்பியிருந்தேன்.

வசந்தி சங்கரன்கோவில் பக்கத்துப் பெண். இசக்கிராஜா இங்கே ஒரு ஹோட்டலில் பரோட்டா போடுகிறான். வீட்டை எதிர்த்துக் கல்யாணம் செய்துகொண்டதால் அவளுடைய அப்பா அம்மா பேசுவதில்லை. போன வருடம் எட்டாம் மாதத்தில் குழந்தை வயிற்றிலேயே இறந்துவிட்டது. மறுபடி உண்டானபோது முதல் ஆளாக என்னிடம்தான் சொன்னாள். சந்தோஷமாகச் சொல்லவில்லை. ஒரு கெட்ட சேதியைச் சொல்வதுபோலக் குரலைத் தாழ்த்திச் சொன்னாள்.

ஒரு கூட்டத்தில் அவள் அழுதாள். "தாய்வீடு இல்லாதவளுக்குப் புள்ள தங்காதுன்னு மாமியார் சொல்லுதாவ" என்றாள். நான் அதை மலையாளத்தில் சொன்னேன். சேவியர் சார் கண் கலங்கிவிட்டார். அவர் சுலபமாகக் கலங்குகிறவர், நல்ல மனிதர். "ஹிஸானா டீச்சரே, அவளோடு பறயூ, இதாணு அவளுடெ அம்மவீடு" என்றார். நான் எழுந்து போய் வசந்தியின் தோளில் கை வைத்து, "இதுதான் உன் தாய்வீடு. நாங்க எதுக்கு இருக்கோம்?" என்றேன். பின்பாதியை அவர் சொல்லவில்லை. அது என்னுடையது. கையும் என்னுடையதுதான்.

அந்தப் பேச்சிலிருந்துதான் மையத்திலேயே வளைகாப்பு என்ற யோசனை வந்தது. மாயம்மாள் எல்லாவற்றையும் கையில் எடுத்துக்கொண்டாள். கம்பத்திலிருந்து வந்து இருபது வருடமாக இங்கே காய்கறி விற்கிறவள். புளிச்சோறு, எலுமிச்சைச் சோறு, தயிர்ச்சோறு என்று ஆளுக்கொன்றாகச் செய்துவரச் சொன்னாள். வேப்பங்குச்சியை வளைத்துக் காப்பு செய்தாள். மங்களூர்ப் பெண் ஒருத்தி மல்லிகை கொண்டுவந்தாள். வங்காளத்துப் பெண்கள் தங்கள் ஊரிலும் இப்படி ஒன்று உண்டு என்று இனிப்பு செய்துகொண்டு வந்தார்கள். முதல் வளையலைப் போடும் நேரம் வந்தபோது மாயம்மாள் என் முதுகைப் பிடித்துத் தள்ளினாள். "போ, நீதான் போடணும்." எல்லோரும் கைதட்டினார்கள். சேவியர் சார் போட்டோ எடுத்தார். வசந்தியின் கை சின்னது, வளையல் சுலபமாக ஏறியது. அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். நான் போட்டோவுக்காகச் சிரித்துக்கொண்டிருந்தேன்.

இப்போது சேவியர் சாரை மாடிப்படி ஓரமாகக் கூப்பிட்டு மலையாளத்தில் விஷயத்தைச் சொன்னேன். அவருக்குப் புரிய நேரமாயிற்று.

"பக்ஷே, அது நம்மள் வெறுதெ ஒரு ஸ்நேஹத்தினு பறஞ்ஞதல்லே?"

"ஆமா சார், அன்புக்குத்தான் சொன்னோம். அவ பையோட வந்திருக்கா."

"ஷெல்டர் ஹோம் ஒண்ணு உண்டல்லோ, எர்ணாகுளத்து?"

"அது போக்கிடம் இல்லாதவங்களுக்கு. இவளுக்குப் புருஷன் இருக்கான், ரூம் இருக்கு."

"எங்கில் பின்னே ரூமில் கொண்டுபோய் விடாமல்லோ" என்றார் நிம்மதியாக. ஒரு ஆட்டோ பிடித்து அவளை அறையில் விட்டால் தீர்ந்தது என்பது அவர் எண்ணம். எனக்கும் அதுதான் நியாயமாகப் பட்டது. ஆனாலும் ஆட்டோ பிடிக்கப் போகவில்லை.

மாயம்மாள் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். அவளிடம் போனேன்.

"மாயம்மாக்கா, இது என்ன வம்பு? அவ என் வீட்டுக்கு வர்றதா நினைச்சுக்கிட்டு இருக்கா."

"பின்ன? மொத வளையலப் போட்டவதான கூட்டிட்டுப் போகணும்?"

"நீங்கதானே போடச் சொன்னீங்க!"

"சொன்னேன். உனக்கு இஷ்டமில்லேன்னா மாட்டேன்னு சொல்லியிருக்கணும், கேட்டியா மோளே. பல்லக் காட்டிக்கிட்டுப் போட்டுட்டு இப்ப வந்து நிக்கிற."

"நீங்களே போட்டிருக்கலாமே?"

"நான் தாலியறுத்தவ. என் கை படலாமா? படலாம்னா உன்னய எதுக்குக் கூப்புடுறேன்?" தண்ணீரை உதறிவிட்டு என்னைப் பார்த்தாள். கொஞ்சம் இரக்கம் வந்திருக்க வேண்டும். "இவ்வளவு பயப்படாத. தூரத்துல தாய்வீடு உள்ளவங்க இங்கயே ஒறவுக்காரங்க வீட்ல ஒரு ராத்திரி படுத்து எந்திரிச்சுட்டு வந்துருவாங்க. கணக்குத் தீந்துச்சு. நாளைக்குக் கொண்டுபோய் விட்டுரு."

எனக்கு மூச்சு வந்தது. ஒரு ராத்திரி என்றால் என்ன, இரண்டு ராத்திரிகூட இருக்கட்டும். வசந்தியிடம் போய்ச் சிரித்த முகத்தோடு சொன்னேன். அவள் தலை குனிந்து கேட்டாள். வளையல்களை ஒவ்வொன்றாகத் தள்ளி மணிக்கட்டில் சேர்த்தாள்.

"அப்படியும் செய்வாவக்கா" என்றாள். "போன தடவ அப்படித்தான் செஞ்சோம். பக்கத்து ரூம்ல ஒரு ராத்திரி படுத்துட்டு வந்தேன்."

பிறகு நடந்ததை அவள் சொல்லத் தேவையில்லை.

நான் மாயம்மாளைத் திரும்பிப் பார்த்தேன். "அப்படியா? எனக்குத் தெரியாதே" என்று அவள் வாயசைத்தாள்.

வசந்தி சொன்னது உண்மையா? போன வருடம் அவளுக்கு வளைகாப்பு நடந்ததா? குழந்தை போனது எட்டாம் மாதம் என்பது தெரியும், ஆஸ்பத்திரிக்கு நான்தான் கூடப் போனேன். அவள் கையில் அப்போது வளையல் இருந்ததா என்று யோசித்தேன். நினைவில்லை. அந்தக் கையை எத்தனை நேரம் பிடித்துக்கொண்டிருந்தேன், ஆனாலும் நினைவில்லை. இவள் இதையெல்லாம் நம்புகிறாளா, என்னை நம்பவைக்கிறாளா?

அவளுடைய அறையை நான் பார்த்திருக்கிறேன். செர்லாய்ப் பகுதியில் ஒரு பழைய வீட்டின் பின்பக்கம். ஒரே அறை. நடுவில் புடவையைக் கட்டித் தொங்கவிட்டு, அந்தப் பக்கம் இசக்கிராஜாவின் தம்பியும் கூட வேலைபார்க்கும் இன்னொருவனும் படுக்கிறார்கள். கக்கூசுக்குப் போக வழுக்கும் படிகளில் இறங்க வேண்டும். நிறைமாதத்தில் அங்கே இருக்க யாருக்குத்தான் மனம் வரும்? அவள் என்னிடம் நேராக வந்து, அக்கா, பிரசவம் ஆகிறவரை உங்கள் வீட்டில் இருக்கட்டுமா என்று கேட்டிருந்தால் முடியாது என்று சொல்லியிருப்பேன். பக்குவமாக, அவள் மனம் நோகாதபடி, வேறு ஏற்பாடு செய்து தருவதாகச் சொல்லியிருப்பேன். எனக்கு அதில் நல்ல பயிற்சி உண்டு. அவள் கேட்கவே இல்லை. கேட்காத ஒன்றை எப்படி மறுப்பது?

கோபம் வந்தது. யார் மேல் என்று பார்த்தால் யாரும் நிற்கவில்லை. கோபத்துக்கு அடியில் இன்னொன்றும் இருந்தது. அதை எடுத்துப் பார்க்கக் கூச்சமாக இருந்தது. இத்தனை பெண்களில் ஒருத்தி என் சொல்லை முழுதாக எடுத்துக்கொண்டிருக்கிறாள். இதுவரை நான் சொன்னதை யாரும் அப்படி எடுத்துக்கொண்டதில்லை, என் மகள்கூட.

"பையைக் கொடு" என்றேன்.

பை கனத்தது. வாய் திறந்திருந்த இடத்தில் நைந்த பருத்திப் புடவைகள் தெரிந்தன. குழந்தைக்காக எடுத்துவைத்தவை. பிறக்கும் முன் புதுத்துணி வாங்கக் கூடாது என்பது எங்களிடமும் உண்டு.

பஜார் ரோட்டில் அவள் எனக்கு ஓரடி பின்னால் வந்தாள். மிளகு மூட்டை இறக்கிக்கொண்டிருந்தவர்கள் வளையல் சத்தம் கேட்டு வழிவிட்டார்கள். வாட்டர் மெட்ரோ படகில் வந்து இறங்கிய சுற்றுலாக்காரி ஒருத்தி வசந்தியைப் போட்டோ எடுக்கட்டுமா என்று சைகையில் கேட்டாள். நான் வேண்டாம் என்று கையசைத்தேன். அதை எவ்வளவு உரிமையோடு அசைத்தேன் என்று பிறகுதான் தோன்றியது. வசந்தி ஒருமுறைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை. திரும்பிப் பார்க்கக் கூடாது என்பதாலா, பார்க்க ஒன்றுமில்லை என்பதாலா தெரியவில்லை.

எங்கள் வீட்டில் இரண்டு அறைகள். ஒன்றில் நானும் என் கணவர் ஆஸிமும். இன்னொன்றில் என் மகள் சஹ்லா, பிளஸ் டூ, மருத்துவ நுழைவுத் தேர்வுக்குப் படிக்கிறாள். சுவரெல்லாம் சூத்திரங்கள் எழுதிய காகிதங்கள். அவள்தான் கதவைத் திறந்தாள். வசந்தி வாசலுக்கு வெளியே நின்றாள். உள்ளே வரவில்லை. எதற்கோ காத்திருந்தாள். ஆரத்தியா, தண்ணீரா, என்ன செய்வார்கள்? எனக்குத் தெரியவில்லை. "உள்ளே வா" என்றேன். அது போதுமானதாக இருந்ததுபோல, வலது காலை எடுத்துவைத்து வந்தாள்.

"யாரும்மா?"

"வசந்தி. மையத்துல உள்ளவ. கொஞ்ச நாள்..."

"எத்ர நாள்?"

வசந்தியே சொன்னாள்: "கொழந்த பொறந்து மூணு மாசம் வரைக்கும்மா."

சஹ்லா என்னைப் பார்த்தாள். நான் செருப்பை நேராக்கி வைப்பதில் மும்முரமானேன்.

ஆஸிமுக்கு வல்லார்பாடம் கண்டெய்னர் முனையத்தில் வேலை. வந்ததும் நடந்ததையெல்லாம் சமையலறையில் வைத்து மெல்லச் சொன்னேன். அவர் சிரிக்க ஆரம்பித்துவிட்டார்.

"எடீ, அப்ப நான் தாத்தாவா? தலைகூட நரைக்கலையே."

"விளையாடாதீங்க. என்ன செய்யலாம்னு சொல்லுங்க."

"நீ என்ன நினைக்கிறே?"

"தெரியல."

"பறஞ்சு கூட்டிட்டு வந்தவளுக்கே தெரியலேன்னா கண்டெய்னர் எண்ணுறவனுக்கு என்ன தெரியும்?" என்றவர் கொஞ்சம் நிறுத்தி, "ஆஸ்பத்திரியில ஏதாச்சும் ஆச்சுன்னா அவங்க ஆளுங்க நம்மளக் கேப்பாங்களா?" என்றார். இந்தமுறை அவர் சிரிக்கவில்லை.

அந்தக் கேள்வியை நான் அதுவரை நினைக்கவில்லை. நினைத்த பிறகு வேறு எதையும் நினைக்க முடியவில்லை. போன தடவை பக்கத்து அறையில் ஒரு ராத்திரி படுத்துவிட்டு வந்தாள், குழந்தை போயிற்று. இந்தமுறை போனால் அது என் வீட்டிலிருந்து போகும். திருப்பி அனுப்பினால், அனுப்பியதால் போகும். வயிற்றில் இருப்பதற்கு நான் பொறுப்பில்லை என்று எனக்கு நன்றாகத் தெரியும். மையத்தில் இதையே எத்தனை பெண்களுக்கு எடுத்துச் சொல்லியிருக்கிறேன்.

சஹ்லா பிறக்கும் முன் என் அம்மா வந்து என்னைப் பாலக்காட்டுக்குக் கூட்டிப்போனாள். அந்த மாதங்கள் முழுதும் கொச்சிக்குத் திரும்பும் நாளை எண்ணிக்கொண்டிருந்தேன். இதைத் தின்னாதே, அங்கே உட்காராதே, உரக்கச் சிரிக்காதே. தாய்வீடு என்றதும் எனக்கு நினைவு வருவது ஒரு மூடிய ஜன்னல்தான். அப்படிப்பட்ட நான் எதைக் கொடுப்பதாக வாக்குக் கொடுத்தேன்? எந்த வீட்டை?

மறுநாள் ஞாயிறு. வசந்தி எழுந்திருக்கவில்லை. மையத்தில் எல்லோருக்கும் முன்னால் வந்து விளக்குமாற்றை எடுக்கிறவள், யாரும் சொல்லாமலே தம்ளர்களைக் கழுவிவைக்கிறவள், சஹ்லாவின் கட்டிலில் கையையும் காலையும் பரப்பிக்கொண்டு தூங்கினாள். வாய் லேசாகத் திறந்திருந்தது. சஹ்லா தரையில் பாயில் உட்கார்ந்து, முட்டியில் புத்தகத்தை வைத்துக்கொண்டு, "ஷ்ஷ்" என்று என்னை அடக்கினாள்.

அதைப் பார்த்ததும் முடிவுக்கு வந்தேன். இது சரிவராது. மகளின் படிப்பு, இடம், பொறுப்பு, எல்லாமே காரணம்தான். இசக்கிராஜாவைக் கூப்பிட்டுப் பேசுவது, வேறு நல்ல அறை பார்க்க மையத்தின் மூலம் உதவுவது, வாரம் இரண்டுமுறை நானே போய்ப் பார்ப்பது. சொல்ல வேண்டிய வாக்கியத்தை மனத்துக்குள் அமைத்தேன். "இசக்கி, சாயங்காலம் வந்து அவளைக் கூட்டிக்கிட்டுப் போ. தப்பா எடுத்துக்காதே." கனிவாகவும் இருந்தது, உறுதியாகவும் இருந்தது.

நான் கூப்பிடவே வேண்டியிருக்கவில்லை. பத்து மணி வாக்கில் அவனே வந்துவிட்டான். வெள்ளை வேட்டி, தேய்த்த சட்டை. ஹோட்டலின் மாவு படிந்த பனியனில்தான் அவனை எப்போதும் பார்த்திருக்கிறேன். கையில் ஒரு பை ஆரஞ்சு, வாழையிலையில் கட்டிய பூ. வாசல்படிக்கு ஓரடி தள்ளியே நின்றான்.

"அத்தே" என்றான்.

யாரையோ கூப்பிடுகிறான் என்று பின்னால் திரும்பிப் பார்த்தேன். யாருமில்லை. முந்தாநாள்வரை "மேடம்" என்று கூப்பிட்டவன்.

"நேத்து ராத்திரி ஒறங்குனாளா அத்தே? எங்கம்மா போன்ல கேட்டுக்கிட்டே இருக்காவ, பொண்ணு வீட்டுல எந்த ஆஸ்பத்திரி பாக்காவன்னு. பொண்ணு வீட்டு முடிவுதான்னு சொல்லிட்டேன். நாங்க தலையிடக் கூடாதுல்லா."

அவன் முகத்தில் தந்திரம் ஏதாவது இருக்கிறதா என்று பார்த்தேன். கழுத்தில் சட்டைக் காலர் உரசிச் சிவந்திருந்தது. அவன் கண் ஒருமுறை என்னைத் தாண்டி உள்ளே போய்த் திரும்பியது. அவளைப் பார்க்கவேண்டும் என்று எவ்வளவு ஆசை, எவ்வளவு பயம். இவர்கள் இரண்டு பேரும் சேர்ந்து பேசிவைத்துக்கொண்டு இதைச் செய்கிறார்கள் என்றால், பேசிவைத்தது என்னை ஏமாற்றவா, அந்தக் குழந்தையைக் காப்பாற்றவா? இரண்டும் ஒன்றேதானா?

என் வாக்கியம் நாக்கில் தயாராக இருந்தது. உள்ளே வளையல்கள் ஒருமுறை குலுங்கின. பிறகு அடங்கிப்போயின. அவள் விழித்துவிட்டாள், மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருக்கிறாள் என்று தெரிந்தது.

"மட்டாஞ்சேரியிலேயே பெரிய ஆஸ்பத்திரி இருக்கு, பிரசவத்துக்குன்னே" என்றேன். "நாளைக்கு நான் கூட்டிட்டுப் போறேன். டாக்டர்கிட்ட போன தடவை நடந்ததச் சொல்லணும். அதையெல்லாம் நான் சொல்லிக்கிறேன். நீங்க உள்ள வாங்க."

நீங்க என்று எப்படி வந்தது? அவனை எப்போதும் நீ என்றுதான் சொல்வேன். அவன் செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, நாற்காலி நுனியில் உட்கார்ந்தான். ஆஸிம் அறைக்குள்ளிருந்து, "மாப்பிள்ளைக்குச் சாயா போடடீ" என்று சத்தம் கொடுத்தார். சஹ்லா சிரிப்பை அடக்க முடியாமல் முகத்தைப் புத்தகத்துக்குள் புதைத்துக்கொண்டாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அழுகையும் வரவில்லை. வந்திருந்தால் எது என்றாவது தெரிந்திருக்கும்.

சமையலறையில் பாலை அடுப்பில் வைத்தேன். வசந்தி சுவரைப் பிடித்துக்கொண்டு வந்து நின்றாள். தலை கலைந்திருந்தது. கண்ணைச் சுற்றி நன்றாகத் தூங்கிய வீக்கம்.

"சொல்லிருவீங்கன்னு நெனச்சேன்க்கா" என்றாள்.

"என்னத்த?"

அவள் என்னை நேராகப் பார்த்தாள். அவ்வளவு நேராக அவள் என்னைப் பார்த்தது அதுதான் முதல்தடவை.

"ஒண்ணுமில்ல. அவங்களுக்குச் சீனி கம்மியாப் போடுங்க."

சொல்லிவிட்டுப் போய் மறுபடி படுத்துக்கொண்டாள். பால் பொங்கி வந்தது. அடுப்பைத் தணித்தேன். சீனி டப்பாவை எடுக்கக் கையை உயர்த்திய இடத்தில், என் சொந்தச் சமையலறையில், அது அலமாரியின் எந்தத் தட்டில் இருக்கும் என்று ஒரு நிமிடம் எனக்குத் தெரியவில்லை.